நூற்று எழுபத்து மூன்றாவது வட்டம்

வெள்ளியங்கரை மாவட்டத்து மாடுகள் தங்கள் பெயரை மறந்தது ஒரு சனிக்கிழமை, முற்பகல் பதினொன்றேகால் மணிக்கு. நேரத்தை இத்தனை துல்லியமாகச் சொல்லக்கூடியவள் அந்த மாவட்டத்திலேயே ஒருத்திதான். அவள் பெயர் தாரணி. பால் உற்பத்தியாளர் ஒன்றியத்தின் தலைமை அலுவலகத்தில், மூன்றாம் மாடியில், கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தாள். அதற்கு முந்தைய எட்டு மாதமும் அவள் செய்தது ஒரே வேலை: ஒன்றியத்தில் மொத்தம் எத்தனை மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எண்ணியது.

யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. முப்பது வருடமாக ஒவ்வொரு அதிகாரியும் வந்த புதிதில் ஒன்றை வாங்கினார். மாறிப் போகிறவர் இன்னொன்றை எழுதிவைத்துவிட்டுப் போனார். பின்னால் வந்தவர் பழையதை நிறுத்தப் பயந்து, பக்கத்திலேயே புதியதை ஓடவிட்டார். பாலின் கொழுப்பைக் கணக்கிட ஒன்று, டேங்கர் லாரி எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒன்று, கேன்டீன் டோக்கனுக்கு ஒன்று, லீவு எழுத மட்டும் நான்கு, ஓய்வு பெற்றவர்களின் பிறந்தநாளை அச்சடித்து யாரும் எடுக்காத தட்டில் போடுவதற்கு ஒன்று என்று பெருகிக் கிடந்தவற்றை, தாரணி ஒவ்வொரு பிரிவாக ஏறி இறங்கி, நாற்காலி நாற்காலியாக உட்கார்ந்து கேட்டு, ஒரு டாஷ்போர்டில் வட்டங்களாக ஆக்கினாள். நிறையப் பேர் பயன்படுத்தினால் பெரிய வட்டம், சிலர் என்றால் சின்னது. புதியது பச்சை, வயதானது சிவப்பு. ஒன்றிடமிருந்து இன்னொன்று தகவல் வாங்கினால் நடுவே ஒரு கோடு. ஒவ்வொரு வட்டத்தின் மேலும் சொடுக்கினால் அதற்குப் பொறுப்பான ஆளின் பெயர் வரும்; பொறுப்பாளர் இல்லாதது சாம்பல் நிறத்தில் நிற்கும்.

அதை மீட்டிங் ஹாலின் சுவர்த் திரையில் போட்ட அன்று வேலையைவிட்டு வந்து பார்க்காதவர்கள் இல்லை. ஆளாளுக்குத் தங்கள் வட்டத்தைத் தேடினார்கள், கண்டுபிடித்ததும் பக்கத்திலிருப்பவருக்குக் காட்டினார்கள். "இத்தனை நாள் இந்தக் கட்டடத்துல என்ன நடக்குதுன்னே தெரியாம இருந்திருக்கறோம்" என்றார் பிரிவுத் தலைவர் ஞானசிகாமணி. தாரணிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

நூற்று எழுபத்து மூன்று வட்டங்களில் நூற்று எழுபத்து இரண்டுக்குப் பொறுப்பாளர் கிடைத்துவிட்டார்கள். ஒன்று மட்டும் சாம்பலாகவே நின்றது. குண்டூசித் தலை அளவு வட்டம். அதன் பெயர் 'பேர்'. அதற்கு ஒரு கோடும் வரவில்லை, அதிலிருந்து ஒரு கோடும் போகவில்லை, பத்தொன்பது வருடத்தில் ஒருவர்கூட அதற்குள் நுழைந்ததாகப் பதிவு இல்லை. பழைய கால்நடைப் பிரிவின் ஒரு கம்ப்யூட்டரில், அலமாரிக்குப் பின்னால், தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. தாரணி எல்லாப் பிரிவுக்கும் சுற்றறிக்கை அனுப்பினாள், ஓய்வூதியர் சங்கத்துக்கும் ஒன்று அனுப்பினாள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு ஒரு போன் வந்தது.

"ஏனுங்கம்மிணி, சென்னியப்பன்னு பேசறேனுங்க. கால்நடைப் பிரிவுல உதவியாளரா இருந்து, பத்தொன்பது வருசத்துக்கு முன்னால ரிட்டயர் ஆனவன். அந்தப் 'பேர்' நான் எழுதுனதுங்க."

"அப்பாடா. அது எதுக்குங்க ஐயா? என்ன வேலை பண்ணுது?"

"அதப் போன்ல சொன்னா நல்லாருக்காதுங்க. திங்கக்கிழமை நேர்ல வரேன். அதுவரைக்கும் அதத் தொடாம இருங்க. அது போதும்."

"சரிங்க ஐயா" என்றாள் தாரணி. அவள் கண் திரையில் இருந்தது. ஒரு பச்சை இன்னொரு பச்சையோடு ஒத்துப்போகாமல் இருந்ததைச் சரிசெய்துகொண்டிருந்தாள். போனை வைத்த கையோடு மறந்தும் போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, நிர்வாக இயக்குநர் பார்க்க வந்தார். அவர் வருவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஞானசிகாமணி திரையைப் பார்த்து, "அந்த ஒரு சாம்பல் மட்டும் கண்ண உறுத்துதும்மா" என்றார். தாரணிக்கு முந்தைய நாள் போன் நினைவுக்கு வந்தது. பொறுப்பாளர் என்ற கட்டத்தில் சென்னியப்பன் பெயரைப் போட முடியாது, பணியில் இல்லாதவர் பெயரை அது ஏற்காது. தாரணி ஒரு கணம் யோசித்துவிட்டுத் தன் பெயரை அடித்தாள். சாம்பல் சிவப்பானது. நூற்று எழுபத்து மூன்றும் நிறைந்தன.

இயக்குநர் எல்லாவற்றையும் பார்த்தார், கேள்வி கேட்டார், தலையாட்டினார். கடைசியில் அந்தக் குண்டூசித் தலைமேல் விரல் வைத்தார்.

"இது யாருது?"

"என்னுதுங்க சார்."

"எத்தனை பேர் பயன்படுத்தறாங்க?"

"யாரும் இல்லைங்க சார்."

"அப்புறம் எதுக்கு வெச்சிருக்கீங்க?"

அறையில் இருபது பேர் அவளைப் பார்த்தார்கள். திங்கட்கிழமை ஒருவர் வருகிறார் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வரிதான். ஆனால் அந்த ஒரு வரியைச் சொன்னால், பெயர் உன்னுடையதாக இருக்கும்போது வருகிறவர் யார் என்ற அடுத்த கேள்வி வரும் என்று பயந்து, "எடுத்துடலாங்க சார்" என்றாள். இயக்குநர் சிரித்தார். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மற்றவர்களிடம் சொன்னார். யாரோ கைதட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள்.

சனிக்கிழமை காலை, சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆரோன் வந்து கேட்டான்: "தாரணி, அந்தப் பழைய மிஷினை அழிச்சுக் கழிவுல போடறேன். ஒரு காப்பி எடுத்து வைக்கவா?"

"யாருமே பாக்காததுக்குக் காப்பி எதுக்கு?" என்றாள்.

அப்போது மணி பதினொன்றேகால்.

அன்று மதியம் மூன்று மணிக்கு, மாவட்டத்தின் அறுநூற்றுச் சொச்சம் ஊர்களிலும், பால் கறக்கும் நேரத்தில், மக்கள் வழக்கம்போல் காட்டைப் பார்த்து மாட்டைக் கூப்பிட்டார்கள். மல்லி என்றும் செவலை என்றும் வெள்ளச்சி என்றும் குட்டியம்மா என்றும் கலெக்டரம்மா என்றும் கூப்பிட்டார்கள். ஒரு மாடும் திரும்பவில்லை. மேய்ந்தபடியே இருந்தன. காது கேட்டது; லாரி ஹாரன் அடித்தால் நிமிர்ந்தன, கன்று கத்தினால் ஓடின. பெயர் மட்டும் அவற்றின் காதில் காற்றைப்போல் பட்டுப் போனது. மக்கள் நடந்து போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்துவந்து கறந்தார்கள். வெயில் ஜாஸ்தி, அதனால் இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

ஞாயிறும் திரும்பவில்லை. திங்களும் திரும்பவில்லை.

முதல் வாரம் கால்நடை மருத்துவர்கள் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சிலர் விளக்கெண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள். கோயிலில் மந்திரித்த கயிறு வாங்கிக் கொம்பில் கட்டினார்கள். இரண்டாம் வாரம் புதுப்பெயர் வைத்துப் பார்த்தார்கள். புதுப்பெயர் அரைநாள் ஒட்டியது, பிறகு எண்ணெய் தடவிய கையிலிருந்து பாத்திரம் நழுவுகிற மாதிரி நழுவியது. மூன்றாம் வாரம் பழகிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் வாளியைத் தட்டினார்கள், ஒரு வீட்டில் சீட்டியடித்தார்கள், ஒரு வீட்டில் பருத்திக்கொட்டை மூட்டையைக் குலுக்கினார்கள். வாளி தட்டுகிற வீடு இரண்டு இருந்த தெருவில் இரண்டு வீட்டு மாடும் ஒரே வாசலில் வந்து நின்று சண்டை மூண்டதால், பால் சொசைட்டிகள் கூட்டம் போட்டு, கிழக்குத் தெருவுக்கு வாளி, மேற்குத் தெருவுக்குத் தட்டு, தோட்டத்து வீடுகளுக்குச் சீட்டி என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கின. சந்தையில் மணி விற்கிறவர்கள் நன்றாகப் பிழைத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாட்டுக்குப் பெயர் வைப்பதை விட்டார்கள். எங்கள் மாடு, பெரிய மாடு, கொம்பு வளைந்த மாடு என்று சொல்லப் பழகினார்கள். யாரும் இதைப் பெரிய அதிசயமாகப் பேசவில்லை. மழை பொய்த்த வருடத்தைச் சொல்வதுபோல, திரும்பாமல் போன வருடம் என்று சொன்னார்கள்.

ஆனால் அந்த முதல் மாதத்தில் பதினோரு மாடுகள் செத்தன. மழையில்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் மாடு வாய் வைத்தால் மூச்சு வாங்கி, நுரை தள்ளி, அரை மணியில் விழுந்துவிடும் என்று அங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். அதனால் மாடு சோளக்காட்டுப் பக்கம் கால் வைத்தாலே வரப்பிலிருந்து பெயர் சொல்லி அதட்டுவார்கள், அது திரும்பிவிடும். அந்த மாதம் பதினோரு பேர் வரப்பில் நின்று அதட்டினார்கள்.

டாஷ்போர்டில் இது எதுவும் வரவில்லை. பால் வரத்து நூற்றுக்கு நான்கு குறைந்து, மூன்றாம் வாரம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கோடு ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியது, அவ்வளவுதான். வட்டங்கள் நூற்று எழுபத்து இரண்டும் நிறம் மாறாமல் நின்றன.

சென்னியப்பன் சொன்னபடி திங்கட்கிழமை வந்தார். துணிப்பையோடு படியேறி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார். தாரணி முகத்தைப் பார்த்தவர் ஒன்றும் கேட்கவில்லை. வருகிற வழியிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது.

"என்ற வீட்டு மாடும் திரும்பலீங்க" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். மாட்டுக்குச் சினை ஊசி போடச் சொல்லியனுப்புகிறவர்களின் விவரத்தை எழுதும் படிவத்தில் முதலில் மாட்டின் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. எண் போதும், பெயர் தேவையில்லை என்று மேலிடத்தில் எடுக்கச் சொன்னார்கள். படிவத்திலிருந்து எடுத்தார். எழுதியிருந்த பெயர்களை அழிக்க மனம் வரவில்லை, தனியாக ஒரு கோப்பில் போட்டு வைத்தார். போன் பண்ணுகிற ஒவ்வொருவரிடமும் கடைசியில் மாட்டை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டு, அவர்கள் கூப்பிட்ட இழுவையோடு சேர்த்துக்கொண்டே வந்தார். நாற்பத்தோராயிரம் பெயர். ஏதாவது ஒரு வேலை செய்யாத கோப்பை மிஷின் தானாகவே ஒதுக்கிவிடும் என்பதால், அதற்கு ஒரு வேலை கொடுத்தார்: இரண்டு விநாடிக்கு ஒரு பெயராக, முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டும். ஒரு சுற்று முடியக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. சத்தம் கிடையாது, அச்சு கிடையாது. வாசிப்பது மட்டும்தான்.

"செத்த மாட்டுப் பேரைக்கூட எடுக்கலீங்க. அதே பேரைத்தான் அடுத்த கன்னுக்கு வெப்பாங்க."

"ஐயா, மாடுக இதனாலதான் திரும்புச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"முன்னால தெரியாதுங்க. ஒருக்கா கரன்ட் போயி ரெண்டு மணி நேரம் மிஷின் நின்னுச்சு. அந்த நேரத்துல மாடு திரும்பலீன்னு வீட்டுல சொன்னாங்க, அன்னைக்குத்தான் ஒரு சந்தேகம். அதுக்கப்புறம் நிக்காம பாத்துக்கிட்டேன். இதப் போய் யாருகிட்டச் சொல்ல? ரிட்டயர் ஆகறப்பச் சொல்லலாம்னு ஆபீசரு ரூம் வரைக்கும் போனேன். அவரு மீட்டிங்ல இருந்தாரு."

"காப்பி ஏதாவது இருக்குங்களா?"

"ஆபீஸ் சமாசாரத்த வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதுங்களே."

தாரணி அழுதாள். அவர் எழுந்து நின்று, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நீங்க என்னம்மிணி பண்ணுவீங்க, கேட்டாங்க, சொன்னீங்க" என்றார். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவருக்கு ஞாபகமிருந்தது முந்நூறு பெயர். இரண்டு நாள் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். அதே மாதிரி வாசிக்கும்படி அவள் கம்ப்யூட்டரில் ஓடவிட்டார்கள். ஒரு மாடும் திரும்பவில்லை.

வளர்த்தவர்கள் வாயால், மாட்டைக் கூப்பிடுகிற இழுவையோடு சொல்ல வேண்டும் என்பது ஐந்தாவது ஞாயிறுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதுவரை தாரணி விடுமுறை நாளெல்லாம் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய், ஒன்றியத்திலிருந்து கணக்கெடுக்க வந்திருப்பதாகச் சொல்லி, வாசலில் நின்று, உங்கள் மாட்டை முன்பு எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டாள். அவர்கள் சொன்ன பெயரை எழுதிக்கொண்டுவந்து சேர்த்தாள்; ஒன்றும் பலிக்கவில்லை. ஊசிப்பாளையத்தில் ஒருவர், "இப்ப எதுக்குங்க அது" என்று சொல்லிக்கொண்டே பழக்கத்தில் மாட்டைப் பார்த்து "மல்லீ" என்றார். அதை அப்படியே, நீட்டலோடு சேர்த்தாள். செவ்வாய்க்கிழமை அந்த ஊர் சொசைட்டிச் செயலாளர் பேச்சுவாக்கில் சொன்னார், ஊசிப்பாளையத்தில் ஒரே ஒரு மாடு திரும்புகிறதாம் என்று.

அதன்பிறகு அவளுக்கு ஞாயிறு போதவில்லை. லீவு போட்டாள். எட்டு மாதத்தில் இரண்டாயிரத்து முந்நூறு பெயர் சேர்ந்தது. சேர்த்த மாடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எவரிடமும் காரணம் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் கணக்கெடுப்பு என்றாள், மாடு திரும்பியவர்கள் காலம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். நாற்பத்தோராயிரத்துக்கு இன்னும் எத்தனை வருடம் என்று பஸ்ஸில் உட்கார்ந்து வகுத்துப் பார்ப்பாள், சன்னலுக்கு வெளியே பார்ப்பாள், மறுபடி வகுப்பாள்.

மஞ்சக்காட்டுப்புதூருக்கு அவள் போனது ஆடி மாதத்தில், நல்ல காற்று. ஊரின் கடைசி வீடு சாந்தாமணியுடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும். இடது கால் கொஞ்சம் இழுக்கும். கட்டுத்தரையில் ஒரு கிடாரி நின்றது, இன்னும் கன்று போடாதது.

"இதுக்கு என்ன பேருங்க்கா?" என்று தாரணி நோட்டைத் திறந்தாள்.

"இதுக்குப் பேரில்லீங்க. இதோட அம்மாவுக்கு இருந்துச்சு. பவுனு."

"இப்ப எங்க அது?"

"போன வருசம் சோளக்காட்டுல இறங்கிருச்சு. அந்த வரப்புல நின்னு நாலுதடவ கூப்பிட்டேன். இந்தக் கால வெச்சுக்கிட்டு என்னால ஓட முடியல. நாலுதடவ கூப்பிட்டும் நிமிரல. தின்னுட்டே இருந்துச்சு." சாந்தாமணி கிடாரியின் முதுகில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள். "நான் என்ன பண்ணுனனோ தெரியல. என்மேல என்ன கோவமோ அதுக்கு."

தாரணி எட்டு மாதமாக எங்கும் சொல்லாததைச் சொன்னாள். உங்கள்மேல் அதற்குக் கோபமில்லை என்று மட்டும்தான் சொல்ல நினைத்தாள். ஆனால் அதைச் சொல்ல மீதியையும் சொல்ல வேண்டியிருந்தது. சுவர்த் திரையையும் வட்டங்களையும், அலமாரிக்குப் பின்னால் பெயர்களை வாசித்த மிஷினையும், கட்டத்தில் தன் பெயரை அடித்ததையும், திங்கட்கிழமை வருகிறேன் என்ற ஒருவருக்குச் சரியென்று சொன்னதையும், எடுத்துடலாங்க சார் என்றதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். இந்தக் கிடாரிக்கு நீங்கள் ஒரு பெயர் சொன்னால் அடுத்த வாரத்துக்குள் அது திரும்பும் என்றும் சொன்னாள்.

சாந்தாமணி கடைசிவரை குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்ததும் கட்டுத்தரைப் பக்கம் திரும்பினாள்.

"அப்ப, பவுனு இத்தனை வருசம் திரும்புனது நான் கூப்பிட்டு இல்லையாட்ட இருக்குது."

"அப்படி இல்லீங்க்கா. நீங்க கூப்பிடறதும் வேணும்."

"அந்த மிஷினு சொல்லாட்டி திரும்பாதுதான?"

தாரணி குனிந்து நோட்டின் பக்கத்தைப் பார்த்தாள்.

"அது செத்தப்பக்கூட நான் இவ்வளவு நெனைக்கலீங்க" என்றாள் சாந்தாமணி. குரல் உயரவில்லை. "எங்கூட்டுக்காரரு செத்ததுக்கப்புறம் இந்த ஊருல என்ற குரலுக்குத் திரும்பிப் பாத்தது அது ஒண்ணுதான். கடைசியில திரும்பலீன்னாலும், முன்னால பன்னெண்டு வருசம் திரும்புச்சேன்னு இருந்தேன். அதையும் இப்ப எடுத்துட்டீங்க."

"என்னை மன்னிச்சிருங்க்கா."

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம். பேரை எழுதிட்டுப் போயிருந்தா நான் எதையோ சொல்லியிருப்பேன், அதுவும் திரும்பியிருக்கும், நானும் சந்தோசமா இருந்திருப்பேன்." கிடாரியின் கயிற்றை அவிழ்த்தாள். "இதுக்குப் பேர் வேண்டாங்க. இது பக்கத்துல போயித் தொட்டா வருது. எனக்கு அது போதும்."

அவள் கிடாரியின் கழுத்தில் கை வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. அது அவளோடு, அவள் இழுக்கும் காலின் வேகத்துக்கே நடந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் போனது. தாரணி நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"வெயில்ல வந்திருக்கறீங்க. மோர் குடிச்சுட்டுப் போங்க."

சொம்பில் கொடுத்தாள். கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டிருந்தாள், உப்பு சரியாக இருந்தது. தாரணி நின்றபடியே குடித்தாள். சாந்தாமணி சொம்பைத் திரும்ப வாங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள், முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு ஒரு மைல் நடை. பாதி வழியில் போன் அடித்தது. போன வாரம் பெயர் எழுதிக்கொண்டு வந்த ஏதோ ஓர் ஊரிலிருந்து ஒருவர். பெயரைச் சொன்னார், காற்றில் சரியாகக் கேட்கவில்லை. எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள், ஏதாவது மாற்றம் தெரிந்தால் சொல்லுங்கள் என்று.

"அம்மிணி, இன்னைக்குக் காட்டுல நின்னு கூப்பிட்டேனுங்க. திரும்புச்சு. நின்னு என்னையவே பாத்துச்சு. ஒரு வருசம் ஆகப்போகுதுங்க அது என்னையப் பாத்து. என்ற குரல் அதுக்கு மறக்கலீங்க. அதான் உங்களுக்குச் சொல்லோணும்னு தோணுச்சு."

அவர் பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. அவரும் சிரித்தார், பிறகு அவள் பேசட்டும் என்று காத்திருந்தார்.

தாரணி சாலையோரத்தில் நின்றாள். சொல்ல எத்தனையோ இருந்தது.

"நல்லதுங்க" என்றாள்.